கனெக்ட் எழுதியும் ஒன்றும் நடக்கவில்லையா? ரோப்லாக்ஸில் நிகழ்வையும் ஃபங்ஷனையும் இணைக்கும் முழு வழிகாட்டி

ரோப்லாக்ஸ் விளையாடும் பிள்ளை ஒருநாள் ஸ்டூடியோவைத் திறந்து சொந்தமாக ஓர் ஆட்டம் செய்ய உட்காரும். கட்டடம் எழுப்புவது, வண்ணம் பூசுவது, மரம் நடுவது எல்லாம் ஒரே நாளில் கைவந்துவிடும். நிரல் எழுதும் இடத்தில்தான் முட்டிக்கொள்ளும். "அண்ணே, கனெக்ட் பண்ணிட்டேன், ஒண்ணும் வரல" என்ற புலம்பலைக் கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட்டம் எழுதிப் பார்த்த எவரும் கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியில் எழுத்துப்பிழை இருக்காது. யார் யாரை எப்போது கூப்பிடுகிறார்கள் என்பது மனத்தில் பதியாமல் வரியை மட்டும் பார்த்து எழுதியிருப்பார்கள். இந்த வழிகாட்டி அதைப் பதிய வைப்பதற்காக.

கூடவே ஒரு சின்ன ஆட்டத்தையும் கட்டுவோம். பத்துமலைப் படி. கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்கு அந்த 272 படிகளையும், கையில் இருப்பதைப் பிடுங்கும் குரங்குகளையும் விளக்கத் தேவையில்லை. செந்தூலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் அதுதான். ஆட்டக்காரர் படி ஏறுவார், வழியில் வாழைப்பழம் எடுப்பார், குரங்கு மேலே பட்டால் ஒரு பழம் போகும், உச்சியில் மணி அடிக்கலாம். நிகழ்வுகளைப் பற்றித் தெரிய வேண்டிய அத்தனையும் இதற்குள் வந்துவிடும்.

தொடங்கும் முன்

ரோப்லாக்ஸ் ஸ்டூடியோ விண்டோஸ், மேக் கணினிகளில்தான் ஓடும். கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் ஆடலாம், ஆட்டம் செய்ய முடியாது. ஸ்டூடியோ இலவசம்.

இதில் எழுதும் மொழி லுவாவ். 1993இல் பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த லுவா மொழியின் 5.1 பதிப்பிலிருந்து ரோப்லாக்ஸ் தனக்காக வளர்த்தெடுத்தது. இணையத்தில் 'லுவா' என்று தேடிக் கிடைக்கும் அடிப்படைப் பாடங்களில் பெரும்பகுதி இங்கேயும் செல்லும். நிகழ்வுகள் லுவா மொழியில் இல்லை, ரோப்லாக்ஸ் சேர்த்தவை.

நிரல் வரிகளை இங்கே ஒலிப்படி தமிழில் கொடுக்கிறேன். ஸ்டூடியோவில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். நாமே வைக்கும் பெயர்களையும் அப்படித்தான், ஏனென்றால் லுவாவ் பெயர்களில் தமிழ் எழுத்தை ஏற்காது. மேற்கோள் குறிக்குள் போடும் வாசகத்துக்கு அந்தத் தடை இல்லை; ஆனால் மேற்கோளுக்குள் இருப்பது ரோப்லாக்ஸின் சொல்லாகவோ, பின்னால் புள்ளி வைத்து எழுதப்போகும் பெயராகவோ இருந்தால் அங்கேயும் ஆங்கிலம்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்தில் லுவாவ் கறார். மொழியின் சொந்தச் சொற்களான லோக்கல், ஃபங்ஷன், இஃப், எண்ட், அப்புறம் பிரிண்ட், ஸ்கிரிப்ட், கேம், வொர்க்ஸ்பேஸ் எல்லாம் சின்ன எழுத்தில் தொடங்கும். பொருளுக்குச் சொந்தமானவை, அதாவது டச்ட், கனெக்ட், பேரண்ட், நேம் போன்றவை, பெரிய எழுத்தில் தொடங்கும். கனெக்ட் என்பதைச் சின்ன எழுத்தில் தொடங்கி எழுதிய பழைய பாடங்கள் இன்னும் சுற்றுகின்றன. பார்த்தால் அவற்றை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, அவுட்புட் சாளரத்தைத் திறந்து வையுங்கள். நிரல் அச்சிடுவதும் பிழைச் செய்திகளும் அங்கேதான் தெரியும். அது மூடியிருக்கும்போது நிரல் எழுதுவது நேரவிரயம்.

மூன்று பொருள்கள்

நிகழ்வு என்பது ஆட்டத்துக்குள் நடக்கும் ஒன்று: ஒரு பார்ட்டை (ஆட்டத்தில் வைக்கும் கட்டை) ஏதோ தொட்டது, ஒருவர் ஆட்டத்துக்குள் வந்தார், பொத்தான் அழுத்தப்பட்டது. ரோப்லாக்ஸ் இவற்றைத் தானே கவனித்துக்கொண்டு இருக்கும். ஃபங்ஷன் நீங்கள் எழுதி வைத்த வேலை. எழுதி வைத்ததனாலேயே அது ஓடிவிடாது; யாராவது கூப்பிட வேண்டும். இணைப்பு என்பது "இது நடந்தால் அதைக் கூப்பிடு" என்று ரோப்லாக்ஸிடம் பதிந்து வைப்பது.

மோட்டாரைப் பட்டறையில் விட்டுவிட்டு, "முடிஞ்சதும் கூப்பிடுங்க" என்று கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறோம் அல்லவா, அதேதான். நாம் அங்கேயே நின்று நிமிடத்துக்கு ஒரு தடவை "முடிஞ்சதா, முடிஞ்சதா" என்று கேட்பதில்லை. எண்ணைக் கொடுப்பது வேறு, அந்த இடத்திலேயே அந்த எண்ணுக்கு அழைப்பது வேறு. இந்த வித்தியாசம்தான் கீழே அடைப்புக்குறி விஷயத்தில் வரப்போகிறது.

முதல் பழம்

ஆட்ட உலகான வொர்க்ஸ்பேஸில் ஒரு பார்ட் போடுங்கள். மஞ்சள் நிறம் கொடுத்து, ப்ராப்பர்ட்டீஸில் ஆங்கர்ட் என்பதை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் உதைபட்டு உருண்டு போகும். கேன்கொலைட் என்பதை எடுத்துவிட்டால் ஆட்டக்காரர் அதன் மேல் மோதி நிற்காமல் ஊடே போவார். தொட்ட நிகழ்வு அப்போதும் வரும். அதைக் கட்டுப்படுத்துவது கேன்டச் என்ற வேறொரு பண்பு, அது டிக் ஆகியே இருக்கட்டும்.

அந்தப் பார்ட்டின் மேல் சுட்டியை வைத்து, கூட்டல் குறியை அழுத்தி, ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேருங்கள். உள்ளே இருக்கும் வணக்க வரியை அழித்துவிட்டு இதை எழுதுங்கள்:

லோக்கல் பழம் = ஸ்கிரிப்ட்.பேரண்ட்

லோக்கல் ஃபங்ஷன் தொட்டால்(பட்டது)
    பிரிண்ட்("பட்டது:", பட்டது.நேம்)
எண்ட்

பழம்.டச்ட்:கனெக்ட்(தொட்டால்)

முதல் வரி, இந்த ஸ்கிரிப்ட் எதற்குள் இருக்கிறதோ அந்தப் பார்ட்டைப் பிடிக்கிறது. நடுவில் ஃபங்ஷன். கடைசி வரிதான் இணைப்பு: பழம் என்ற பொருள், அதன் டச்ட் என்ற நிகழ்வு, அந்த நிகழ்வின் கனெக்ட் என்ற செயல், அடைப்புக்குறிக்குள் ஃபங்ஷனின் பெயர். டச்ட்டுக்கு முன் புள்ளி, கனெக்ட்டுக்கு முன் முக்காற்புள்ளி. இரண்டையும் மாற்றிப் போட்டால் பிழை வரும்.

எஃப்5 அழுத்தி ஆட்டத்துக்குள் போய்ப் பழத்தின் மேல் நடங்கள். அவுட்புட்டைப் பாருங்கள். ஒரு தடவை நடந்ததற்கு ஒரு வரி வராது. இடது பாதம், வலது பாதம், இடது கீழ்க்கால் என்று உடல் பாகங்களின் ஆங்கிலப் பெயர்கள் சரசரவென்று இறங்கும். தொப்பி போட்ட பொம்மையாக இருந்து குனிந்து விழுந்தால் 'ஹாண்டில்' (தொப்பியின் பார்ட்) என்றுகூட வரும். இந்தப் பட்டியலை ஒரு நிமிடம் நின்று பாருங்கள், ஏனென்றால் அடுத்து நாம் எழுதும் எல்லாம் இதற்குப் பதில்தான். ரோப்லாக்ஸைப் பொறுத்தவரை ஆட்டக்காரர் பழத்தைத் தொடவில்லை. ஒரு கால் பார்ட் தொட்டது, இன்னொரு கால் பார்ட் தொட்டது, அவ்வளவுதான்.

'பட்டது' என்ற பெயரை நாம்தான் வைத்தோம். அதற்குள் மதிப்பைப் போட்டது ரோப்லாக்ஸ். டச்ட் நிகழ்வு நடக்கும்போதெல்லாம் எது தொட்டதோ அந்தப் பார்ட்டை நம் ஃபங்ஷனிடம் நீட்டும். ஒவ்வொரு நிகழ்வும் நீட்டுவது வேறு வேறு: பிளேயர்ஆடட் என்றால் வந்தவரை, ஹ்யூமனாய்டின் (பொம்மைக்குள் இருந்து அதன் உயிரைக் கவனிக்கும் பொருள்) ஹெல்த்சேஞ்ட் என்றால் புது உயிர் அளவை. எதையும் நீட்டாத நிகழ்வும் உண்டு, இறந்ததைச் சொல்லும் டைட் மாதிரி. எந்த நிகழ்வை எடுத்தாலும் முதலில் ரோப்லாக்ஸின் ஆவணப் பக்கத்தில் அது என்ன தருகிறது என்று பார்த்துவிடுங்கள். தெரியாவிட்டால் பிரிண்ட் போட்டுப் பாருங்கள்.

அந்த இரண்டு அடைப்புக்குறிகள்

அதிகமாக நடக்கும் பிழை இதுதான்:

பழம்.டச்ட்:கனெக்ட்(தொட்டால்())

பெயருக்குப் பின்னால் ஒரு ஜோடி அடைப்புக்குறி கூடிவிட்டது. பார்க்கச் சின்ன விஷயம், அர்த்தம் தலைகீழ். லுவாவ் உள்ளே இருப்பதை முதலில் செய்யும். தொட்டால்() என்றால் "இப்போதே ஓடு". ஆட்டம் தொடங்கிய நொடியிலேயே, யாரும் எதையும் தொடாமலேயே ஃபங்ஷன் ஓடும். அப்போது 'பட்டது' என்பதற்குள் எதுவும் இருக்காது; அந்த வெறுமைக்கு லுவாவில் 'நில்' என்று பெயர். நில்லிடம் பெயர் கேட்டதும் சிவப்பு வரி வந்து ஸ்கிரிப்ட் நின்றுவிடும். இணைப்பு நடக்கவே இல்லை.

இதைவிடக் குழப்பமான வகை ஒன்று உண்டு. ஃபங்ஷனுக்குள் 'பட்டது' என்பதைப் பயன்படுத்தாமல் வெறும் பிரிண்ட் மட்டும் இருந்தால், தொடங்கியதும் ஒரு தடவை அச்சாகும். "ஆ, வேலை செய்கிறதே" என்று தோன்றும். அப்புறம் ஒன்றுமே வராது. ஃபங்ஷன் ஓடி முடித்து எதையும் திருப்பித் தரவில்லை, அந்த 'எதுவுமில்லை' கனெக்ட்டின் கையில் போயிருக்கிறது. கொடுத்தது ஃபங்ஷன் இல்லை என்று அவுட்புட்டில் சிவப்பில் சொல்லியிருக்கும். ஒரு தடவை மட்டும் அச்சானால், முதலில் அடைப்புக்குறியைப் பாருங்கள்.

தொட்டது யார்?

குரங்கின் வால் பழத்தில் பட்டாலும் நிகழ்வு வரும். ஆகவே பட்ட பார்ட்டிலிருந்து ஆட்டக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும். பல பாடங்கள் பட்டது.பேரண்ட் என்று ஒரு படி மேலே போய் ஹ்யூமனாய்டைத் தேடச் சொல்லும். காலுக்கு அது சரி. தொப்பியின் ஹாண்டிலுக்கு ஒரு படி மேலே இருப்பது தொப்பிதான், ஆள் இல்லை. அதனால் மேலே ஏறிக்கொண்டே போய் மாடல், அதாவது பாகங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்த தொகுப்பு, வரும் இடத்தில் நிற்பது நல்லது.

இங்கிருந்து தனித்தனி ஸ்கிரிப்டை விட்டுவிடலாம். பழத்துக்குள் இருக்கும் ஸ்கிரிப்டை அழித்துவிட்டு, சர்வர்ஸ்கிரிப்ட்சர்வீஸ் என்ற இடத்தில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் போடுங்கள். மணி வரை வரும் நிரல் எல்லாம் இதற்குள்ளேயே ஒன்றன்கீழ் ஒன்றாக:

லோக்கல் பிளேயர்ஸ் = கேம்:கெட்சர்வீஸ்("பிளேயர்ஸ்")

லோக்கல் ஃபங்ஷன் யார்(பட்டது)
    லோக்கல் உடல் = பட்டது:ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஆன்செஸ்டர்ஆஃப்கிளாஸ்("மாடல்")
    இஃப் நாட் உடல் தென் ரிட்டர்ன் நில் எண்ட்
    ரிட்டர்ன் பிளேயர்ஸ்:கெட்பிளேயர்ஃப்ரம்கேரக்டர்(உடல்)
எண்ட்

இந்த ஃபங்ஷனை எந்த நிகழ்வோடும் இணைக்கவில்லை. நாமே தேவைப்படும்போது கூப்பிடப் போகிறோம், அங்கே அடைப்புக்குறி வேண்டும். ஆட்டக்காரராக இருந்தால் அவரைத் தரும், இல்லாவிட்டால் நில்.

படிகளும் பலகையும்

படிகளைக் கையால் அடுக்க வேண்டாம். இதற்கு நிகழ்வு எதுவும் தேவையில்லை, ஒரு சுற்றுப் போதும்:

ஃபார் எண் = 1, 272 டு
    லோக்கல் படி = இன்ஸ்டன்ஸ்.நியூ("பார்ட்")
    படி.சைஸ் = வெக்டர்3.நியூ(20, 1, 2)
    படி.பொசிஷன் = வெக்டர்3.நியூ(0, எண், எண் * 2)
    படி.ஆங்கர்ட் = ட்ரூ
    படி.பேரண்ட் = வொர்க்ஸ்பேஸ்
எண்ட்

2018இல் பத்துமலைப் படிகளுக்கு வானவில் வண்ணம் பூசிய பிறகு பிறந்த பிள்ளைகள் சாம்பல் படியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கலர் பண்பை எண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது அவரவர் விருப்பம்.

அடுத்தது பழக் கணக்கு. ஆட்டக்காரருக்குள் 'லீடர்ஸ்டாட்ஸ்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தால், அதற்குள் இருக்கும் எண்களை ரோப்லாக்ஸ் திரையின் வலது மேல் மூலையில் தானே காட்டும். பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும், ஓர் எழுத்து பிசகினாலும் பலகை வராது.

லோக்கல் ஃபங்ஷன் வந்தவுடன்(ஆட்டக்காரர்)
    லோக்கல் பலகை = இன்ஸ்டன்ஸ்.நியூ("ஃபோல்டர்")
    பலகை.நேம் = "லீடர்ஸ்டாட்ஸ்"
    லோக்கல் கணக்கு = இன்ஸ்டன்ஸ்.நியூ("இன்ட்வேல்யூ")
    கணக்கு.நேம் = "பழம்"
    கணக்கு.பேரண்ட் = பலகை
    பலகை.பேரண்ட் = ஆட்டக்காரர்
எண்ட்

பிளேயர்ஸ்.பிளேயர்ஆடட்:கனெக்ட்(வந்தவுடன்)

ஃபார் _, ஆட்டக்காரர் இன் பிளேயர்ஸ்:கெட்பிளேயர்ஸ்() டு
    வந்தவுடன்(ஆட்டக்காரர்)
எண்ட்

கடைசி மூன்று வரிகளைப் பல பாடங்கள் விட்டுவிடும். இணைத்த பிறகு நடப்பதை மட்டும்தான் இணைப்பு கேட்கும், நடந்து முடிந்ததைத் திரும்பச் சொல்லாது. ஸ்டூடியோவில் சோதிக்கும்போது ஸ்கிரிப்ட் இந்த வரிக்கு வருவதற்குள் நீங்கள் ஆட்டத்துக்குள் வந்துவிட்டிருக்கலாம். அப்போது பலகை வராது. அடுத்த தடவை வரும், அதற்கடுத்த தடவை வராது. வந்தும் வராமலும் போகும் பிழைதான் பிள்ளைகளை அழவைக்கும். அதனால் இணைத்த கையோடு ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் அதே ஃபங்ஷனை நாமே கூப்பிட்டுவிடுகிறோம்.

பல பழம், ஒரே ஃபங்ஷன்

வொர்க்ஸ்பேஸில் 'பழங்கள்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, மஞ்சள் பார்ட்டை வேண்டிய அளவு நகல் எடுத்துப் படிகள் வரும் இடங்களில் பரப்பி உள்ளே வையுங்கள். படிகள் ஆட்டம் ஓடும்போதுதான் தோன்றும், அதனால் மேலே உள்ள பொசிஷன் கணக்கைப் பார்த்து இடம் தேருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்கிரிப்ட் நகல் இருந்தால், நாளைக்கு ஒரு திருத்தம் என்றால் அத்தனையையும் திறக்க வேண்டும். அதனால்தான் ஒரே ஸ்கிரிப்டுக்கு வந்தோம். ஆனால் ஒரு சிக்கல். டச்ட் நமக்குத் தருவது தொட்ட பார்ட்டை. தொடப்பட்ட பழம் எது என்று சொல்லாது. நமக்கோ இரண்டும் வேண்டும். இங்கேதான் பெயரில்லாத ஃபங்ஷன் கைகொடுக்கும்:

லோக்கல் ஃபங்ஷன் எடுத்தால்(பழம், பட்டது)
    லோக்கல் ஆட்டக்காரர் = யார்(பட்டது)
    இஃப் நாட் ஆட்டக்காரர் தென் ரிட்டர்ன் எண்ட்
    இஃப் பழம்:கெட்ஆட்ரிபியூட்("போச்சு") தென் ரிட்டர்ன் எண்ட்
    பழம்:செட்ஆட்ரிபியூட்("போச்சு", ட்ரூ)
    ஆட்டக்காரர்.லீடர்ஸ்டாட்ஸ்.பழம்.வேல்யூ += 1
    பழம்:டிஸ்ட்ராய்()
எண்ட்

ஃபார் _, பழம் இன் வொர்க்ஸ்பேஸ்.பழங்கள்:கெட்சில்ட்ரன்() டு
    பழம்.டச்ட்:கனெக்ட்(ஃபங்ஷன்(பட்டது)
        எடுத்தால்(பழம், பட்டது)
    எண்ட்)
எண்ட்

கனெக்ட்டுக்குள் எடுத்தால்(பழம், பட்டது) என்று அடைப்புக்குறியோடு கூப்பிடுகிறோமே, அது பிழையில்லையா? இல்லை. அந்தக் கூப்பாடு இன்னொரு ஃபங்ஷனின் வயிற்றுக்குள் இருக்கிறது. கனெக்ட்டின் கைக்குப் போவது அந்த வெளி ஃபங்ஷன்தான், அது இன்னும் ஓடவில்லை. பழம் தொடப்படும்போதுதான் அது ஓடும், உள்ளே இருக்கும் கூப்பாடு அப்போதுதான் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிறக்கும் வெளி ஃபங்ஷன் அந்தச் சுற்றின் பழத்தை நினைவில் பிடித்துக்கொள்ளும். கடைசியில் அடைப்புக்குறி மூடுவது எண்ட்டுக்குப் பின்னால். இதை மறப்பவர்கள் ஏராளம்.

'போச்சு' என்ற குறி எதற்கு? இரண்டு பாதமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பட்டால் ஒரு பழத்துக்கு இரண்டு கணக்கு ஏறக்கூடாது, அதற்கு. பழத்தை டிஸ்ட்ராய் செய்ததும் அதன் இணைப்புகள் எல்லாம் தாமாக அறுந்துவிடும்.

குரங்கு

குரங்கு அழியப்போவதில்லை, திரும்பத் திரும்பப் படும். ஒரு தடவை பட்டால் ஒரு பழம்தான் போக வேண்டும், அப்புறம் 2 நொடி சும்மா இருக்க வேண்டும். ஒருவருக்கு ஓய்வு கொடுத்ததால் இன்னொருவர் தப்பித்துவிடவும் கூடாது. ஆகவே ஆளுக்கு ஒரு குறி:

லோக்கல் ஓய்வு = {}

வொர்க்ஸ்பேஸ்.குரங்கு.டச்ட்:கனெக்ட்(ஃபங்ஷன்(பட்டது)
    லோக்கல் ஆட்டக்காரர் = யார்(பட்டது)
    இஃப் நாட் ஆட்டக்காரர் ஆர் ஓய்வு[ஆட்டக்காரர்] தென் ரிட்டர்ன் எண்ட்
    ஓய்வு[ஆட்டக்காரர்] = ட்ரூ
    லோக்கல் கணக்கு = ஆட்டக்காரர்.லீடர்ஸ்டாட்ஸ்.பழம்
    கணக்கு.வேல்யூ = மேத்.மேக்ஸ்(0, கணக்கு.வேல்யூ - 1)
    டாஸ்க்.வெயிட்(2)
    ஓய்வு[ஆட்டக்காரர்] = நில்
எண்ட்)

இங்கே குரங்கு என்பது ஒரே பார்ட் என்று வைத்துக்கொள்கிறோம். மாடலுக்கு டச்ட் கிடையாது, அதன் பாகங்களுக்குத்தான் உண்டு. வரிசை முக்கியம். குறியைப் போட்டுவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். "வெயிட் போட்டால் மற்ற தொடுதல்கள் நின்றுவிடும்தானே" என்று சிலர் நினைப்பார்கள். நிற்காது. ஒவ்வொரு தடவை நிகழ்வு நடக்கும்போதும் ஃபங்ஷன் தனியாக ஓடும். ஒன்று 2 நொடி தூங்கும்போது அடுத்தது அதே ஃபங்ஷனுக்குள் புதிதாக நுழையும். வெயிட்டைக் குறிக்கு மேலே போட்டுவிட்டால் அந்த 2 நொடிக்குள் வந்தவை எல்லாம் தூங்கி எழுந்து, பழங்களை மொத்தமாகக் காலி செய்துவிடும்.

மணி, அப்புறம் இணைப்பை விடுவது

உச்சிப் படியில் மணி என்ற பார்ட், அதற்குள் ப்ராக்ஸிமிட்டிப்ராம்ப்ட் ஒன்று, சவுண்ட் ஒன்று. கிட்டே போனால் திரையில் பொத்தான் குறி தெரியும், அழுத்தினால் டிரிகர்ட் நிகழ்வு வரும். இது நேராக ஆட்டக்காரரையே கையில் தரும், உடல் பாகத்திலிருந்து தேடும் வேலை இல்லை. தொட்டால் நடப்பதைவிட அழுத்தினால் நடப்பது எழுதவும் சுலபம், பிழையும் குறைவு. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு நான் முதலில் இதையே கொடுப்பேன்; ஆனால் எல்லாருக்கும் தொட்டால் வெடிக்கும் தரைதான் வேண்டும்.

கனெக்ட் ஒரு மதிப்பைத் திருப்பித் தருகிறது என்பதை இதுவரை கண்டுகொள்ளவில்லை. அதுதான் இணைப்பு. பிடித்து வைத்துக்கொண்டால் வேண்டியபோது விட்டுவிடலாம். முதலில் மணி அடிப்பவருக்கு மட்டும் 5 பழம் பரிசு என்றால்:

லோக்கல் தூண்டல் = வொர்க்ஸ்பேஸ்.மணி.ப்ராக்ஸிமிட்டிப்ராம்ப்ட்
லோக்கல் இணைப்பு
இணைப்பு = தூண்டல்.டிரிகர்ட்:கனெக்ட்(ஃபங்ஷன்(ஆட்டக்காரர்)
    இணைப்பு:டிஸ்கனெக்ட்()
    ஆட்டக்காரர்.லீடர்ஸ்டாட்ஸ்.பழம்.வேல்யூ += 5
    வொர்க்ஸ்பேஸ்.மணி.சவுண்ட்:ப்ளே()
எண்ட்)

'லோக்கல் இணைப்பு' என்பதைத் தனி வரியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே வரியில் அறிவித்து அங்கேயே கனெக்ட்டையும் எழுதினால், உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்கு அந்தப் பெயர் தெரியாது; அந்த வரி முடிந்த பிறகுதான் பெயர் பிறக்கும். டிஸ்கனெக்ட் வரியில் நில் பிழை வந்தால் இதுதான் காரணம்.

ஒரே தடவை போதும் என்றால் கனெக்ட்டுக்குப் பதில் ஒன்ஸ் என்று எழுதலாம், அது தானே விட்டுக்கொள்ளும். டிரிகர்ட்டுக்கு அது கச்சிதம். டச்ட்டுக்கு யோசித்துப் பயன்படுத்துங்கள். முதலில் பட்டது குரங்கின் வாலாக இருந்தால் அந்த ஒரு வாய்ப்பு அதோடு தீர்ந்தது.

இணைப்பை விடாததால் வரும் வினோதம் ஒன்று உண்டு. ஆட்டக்காரர் விழுந்து மறுபடி பிறக்கும்போதெல்லாம் கேரக்டர்ஆடட் நிகழ்வு வரும். அதற்குள் மணியின் டிரிகர்ட்டை இணைத்துவிட்டால், ஒவ்வொரு பிறப்புக்கும் இன்னோர் இணைப்பு கூடும். முதலில் ஓர் அழுத்தலுக்கு ஒரு பரிசு. ஒரு தடவை விழுந்து எழுந்த பிறகு அதே அழுத்தலுக்கு இரண்டு. பல தடவை விழுந்தவருக்குப் பழம் கொட்டும். விழ விழப் பணக்காரர் ஆகும் ஆட்டம். ஒரு நிகழ்வுக்குள் இன்னொன்றை இணைக்கும்போது, உள்ளே இணைக்கப்படும் பொருளும் அந்த நிகழ்வோடு புதிதாகப் பிறந்ததா என்று பாருங்கள். புது உடலின் ஹ்யூமனாய்டுக்கு டைட் நிகழ்வை அங்கே இணைப்பது சரியே, பழைய உடல் அழிக்கப்படும்போது அதன் இணைப்பும் போய்விடும். மணி பழைய மணிதான், அதை வெளியே ஒரே தடவை இணைக்க வேண்டும்.

திரைப் பொத்தான்

திரையில் "மறுபடி அடிவாரம்" என்று ஒரு பொத்தான் வேண்டுமா? பொத்தான் இருப்பது ஆட்டக்காரரின் கணினியில், பழக் கணக்கு இருப்பது சர்வரில், அதாவது ஆட்டத்தை எல்லாருக்கும் நடத்தும் ரோப்லாக்ஸின் கணினியில். பொத்தானுக்குள் லோக்கல்ஸ்கிரிப்ட் (ஆட்டக்காரரின் கணினியில் ஓடும் ஸ்கிரிப்ட்) போட்டு, ஆக்டிவேட்டட் நிகழ்வை இணைக்க வேண்டும். சுட்டிக்கும் விரல்தொடுதலுக்கும் கேம்பேடுக்கும் அந்த ஒன்றே போதும். லோக்கல்ஸ்கிரிப்டை வொர்க்ஸ்பேஸில் இருக்கும் பார்ட்டுக்குள் போட்டால் அது ஓடவே ஓடாது, பிழையும் காட்டாது.

சர்வருக்குச் சேதி சொல்ல, இரண்டு பக்கத்துக்கும் தெரியும் ரெப்ளிகேட்டட்ஸ்டோரேஜில் ஒரு ரிமோட்ஈவென்ட் வையுங்கள். இந்தப் பக்கம் ஃபயர்சர்வர், அந்தப் பக்கம் ஆன்சர்வர்ஈவென்ட்டோடு ஒரு கனெக்ட். சர்வர் பக்கத்து ஃபங்ஷனுக்கு முதலில் வருவது எப்போதும் அனுப்பிய ஆட்டக்காரர். அதை ரோப்லாக்ஸே சேர்த்துக்கொள்ளும், நாம் அனுப்பத் தேவையில்லை. நாம் அனுப்பியவை அதற்குப் பின்னால்தான்.

ஒரு எச்சரிக்கை. "எனக்கு இத்தனை பழம் கொடு" என்று எண்ணை அனுப்பும்படி எழுதாதீர்கள். ஏமாற்று மென்பொருள் வைத்திருப்பவன் அதில் என்ன எண்ணையும் அனுப்புவான். "பொத்தானை அழுத்தினேன்" என்பது மட்டும் போகட்டும். கொடுப்பதா வேண்டாமா, எத்தனை என்பதெல்லாம் சர்வர் தீர்மானிக்கட்டும்.

வேறு இடங்களில்

இந்த எண்ணம் கைவந்தால் மற்றவை சுலபம். பள்ளியில் ஸ்கிராட்ச் பார்த்த பிள்ளைக்குப் பச்சைக் கொடியை அழுத்தினால் ஓடும் கட்டை ஏற்கெனவே தெரியும். அது இணைக்கப்பட்ட ஃபங்ஷன்தான். கொடோ என்ற ஆட்டம் செய்யும் மென்பொருளில் நிகழ்வை சிக்னல் என்பார்கள், இணைக்கும் சொல் அங்கேயும் கனெக்ட், அங்கேயும் பெயர் மட்டும், அடைப்புக்குறி இல்லாமல். சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் += குறியால் இணைத்து -= குறியால் விடுவார்கள்.

ஒன்றும் நடக்காதபோது

நிரலை முறைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு மூன்று இடத்தில் பிரிண்ட் போடுங்கள்: ஸ்கிரிப்டின் முதல் வரி, கனெக்ட்டுக்கு அடுத்த வரி, ஃபங்ஷனுக்குள் முதல் வரி. முதலாவதே அச்சாகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. இருக்கும் இடம் தவறு, அல்லது டிசேபிள் ஆகியிருக்கிறது, அல்லது எங்கோ எண்ட் விடுபட்டு முழுதுமே படிக்கப்படவில்லை. முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் நடுவில் ஒரு வரியில் நின்றிருக்கிறது, சிவப்பு வரி வரிசை எண்ணோடு சொல்லும், அதை அழுத்தினால் அந்த இடத்துக்கே கூட்டிப்போகும். சிவப்பும் இல்லை, இரண்டாவதும் இல்லை என்றால் மேலே எங்கோ முடிவில்லாத சுற்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே எழுதிய கனெக்ட்டுக்கு முறை வராது. கனெக்ட்களை மேலே ஏற்றுங்கள்.

இரண்டும் வந்து மூன்றாவது மட்டும் வரவில்லை என்றால் இணைப்பு நன்றாக இருக்கிறது, நிகழ்வுதான் நடக்கவில்லை. டச்ட் என்றால் கேன்டச்சைப் பாருங்கள். ஆங்கர் செய்த இரண்டு பார்ட்கள் ஒன்றோடொன்று பட்டால் நிகழ்வு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆங்கர் செய்த குரங்கை நிரலால் நகர்த்தி ஆங்கர் செய்த பழத்தின் மேல் ஏற்றினால் ரோப்லாக்ஸ் அதைத் தொடுதலாக எடுத்துக்கொள்ளாது. மூன்றும் வந்தும் பழம் ஏறவில்லை என்றால் கனெக்ட்டை விட்டுவிடலாம். 'யார்' ஃபங்ஷன் நில் தருகிறதா என்று அடுத்த பிரிண்டை அங்கே போடுங்கள்.